28 நாள் கணக்கு: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் விசா விண்ணப்பம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு கிராமத்துப் பெண் பிரிட்டனில் முதுகலை படிக்க விண்ணப்பித்த கதை இது. 2025 ஏப்ரலில் தொடங்கியது, டிசம்பரில் முடிந்தது. நடுவில் ஒரு சேர்க்கைப் பருவமே கைநழுவிப் போனது. தவறியதில் என் பங்கும் உண்டு. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் யாராவது காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் பார்த்துச் சொல்வேன், அவ்வளவுதான். குடும்பத்தாரின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

எங்கள் பகுதி கேரளம்தான், ஆனால் வீட்டில் பேச்சு தமிழ். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் இப்படித்தான். தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கல்லூரிக்குப் பிள்ளைகள் கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ பஸ் ஏறுவார்கள். கல்யாணச் சம்பந்தமும் பிரசவமும் பெரும்பாலும் அந்தப் பக்கம். வில்லேஜ் ஆபீஸ், கரம் (நிலவரி) கட்டுவது, ரேஷன் கார்டு எல்லாம் இந்தப் பக்கம், மலையாளத்தில். ஒரே வீட்டின் காகிதங்கள் இரண்டு மாநிலங்களில், மூன்று மொழிகளில் இருக்கும். விசா என்று வரும்போதுதான் இது உறைக்கும்.

அந்தப் பெண் பத்தாவது வரை தமிழ்வழி. கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் பட்டம். அப்புறம் ஒரு வருடம் பால் குளிரூட்டும் நிலையத்தில் தரப் பரிசோதனை வேலை. அப்பாவுக்குத் தென்னையும் ஏழு கறவை மாடுகளும். காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். அண்ணன் ஒருவன், ஜேசிபி ஓட்டுகிறான். பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகம், உணவுப் பாதுகாப்பில் ஒரு வருட முதுகலைக்கு இடம் கொடுத்திருந்தது. வகுப்பு 2025 செப்டம்பர் 22இல் தொடக்கம்.

கட்டணம் 17,500 பவுண்டு. மே மாதம் 4,000 பவுண்டு முன்பணம் கட்டினார்கள். வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்குள் அனுப்பும் படிப்புச் செலவுக்கு டிசிஎஸ் என்ற முன்வரிப் பிடித்தம் கிடையாது என்பதால் அதில் சிக்கல் வரவில்லை. மீதி 13,500.

ஏப்ரல், மே: முதலில் பார்த்தவை

அவர்கள் என்னிடம் வந்தபோது ஒரு ஏஜென்டிடம் ஏற்கெனவே பதிந்திருந்தார்கள். மாணவரிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை. பல்கலைக்கழகம் தரும் கமிஷன்தான் இந்தத் தொழிலில் பலருக்கு வருமானம், அதில் தவறில்லை. ஆனால் ஏன் இந்தப் படிப்பு என்று மாணவர் எழுத வேண்டிய நோக்க அறிக்கையை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒரு வரியைக்கூட இந்தப் பெண் சொந்தமாகச் சொல்லமாட்டாள் என்பது படித்த உடனே தெரிந்தது.

கையிலிருந்த பைலில் தேவையில்லாத காகிதங்கள் நிறைய. வளைகுடாவில் இருக்கும் உறவினர் ஒருவர், எல்லாச் சான்றிதழையும் அரசிடம் கொடுத்து அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) பண்ணியாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வளைகுடா வேலை விசாவுக்கு அது பழக்கம். பிரிட்டன் மாணவர் விசாவுக்கு அது தேவையில்லை. போலீஸ் சான்றும் வேண்டாம். வேண்டியவை வேறு: சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் சிஏஎஸ் எண், பாஸ்போர்ட், காசநோய்ப் பரிசோதனைச் சான்று, பண ஆதாரம், ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம், தேதியோடு மொழிபெயர்ப்பு. பட்டியல் சின்னதுதான். இதில் கஷ்டமானது பண ஆதாரம் ஒன்றே.

விதி இது. கட்ட வேண்டிய மீதிக் கட்டணமும், ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் கையில் இருக்க வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றால் அப்போது மாதம் 1,136 பவுண்டு, ஒன்பது மாதத்துக்கு 10,224. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அந்த 28ஆம் நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் நடுவில் 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. கணக்கு மாணவர் பேரிலோ பெற்றோர் பேரிலோ இருக்கலாம். பெற்றோர் பேரில் என்றால் உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதம் தெரிவிக்கும் கடிதமும் சேர வேண்டும்.

13,500ம் 10,224ம் சேர்ந்தால் 23,724 பவுண்டு. பவுண்டு 117 ரூபாய் என்று வைத்தால் 27,75,708 ரூபாய்.

பணம் இருந்த இடம்

பணம் இருந்தது. அம்மாவின் பிறந்த வீட்டுப் பங்கு நிலத்தை விற்றதும் சேமிப்புமாக 21 லட்சம், உள்ளூர் சர்வீஸ் கூட்டுறவுச் சங்கத்தில் நிரந்தர வைப்பாக. எங்கள் பக்கம் இது சகஜம். பெயரில் பேங்க் என்று இருக்கும், ஆட்கள் தெரிந்தவர்கள், வட்டி கொஞ்சம் கூட.

ஆனால் இந்தச் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகள் அல்ல. பேங்க் என்ற சொல்லையே இவை பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் அறிக்கை விட்டது. இவற்றின் வைப்புக்கு டெபாசிட் இன்சூரன்ஸும் இல்லை. பிரிட்டன் விதியோ, பணம் வைத்திருக்கும் நிறுவனம் அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் இருக்க வேண்டும், மின்னணுப் பதிவு இருக்க வேண்டும், கேட்டால் சரிபார்க்க முடிய வேண்டும் என்கிறது. சங்கத்து ரசீதை வைத்து விண்ணப்பித்தால் நிராகரிக்க அந்த ஒன்றே போதும். இதை ஏஜென்ட் கவனிக்கவில்லை. வைப்பு ரசீது மலையாளத்தில் இருந்ததால் மொழிபெயர்த்துக் கேட்டிருந்தார், அவ்வளவே.

பணத்தை ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள ஒரு ஷெட்யூல்டு வங்கிக்கு மாற்றச் சொன்னேன். அப்பா தயங்கினார். ஆகஸ்டில்தான் முதிர்வு, முன்கூட்டி எடுத்தால் வட்டி குறையும். ஆகஸ்ட் வரை காத்திருந்தால் 28 நாள் செப்டம்பருக்குள் போய்விடும் என்று காலண்டரை எடுத்துக் காட்டிய பிறகே ஒத்துக்கொண்டார். சங்கத்தில் கேட்டால் மொத்தமாகத் தர முடியாது, தவணையாகத் தருகிறோம் என்றார்கள். ஜூன் 6இல் 8 லட்சம், ஜூலை 1இல் 7 லட்சம், 21இல் 6 லட்சம். வட்டி இழந்ததோடு ஆறு வாரமும் போனது. ஆறு வாரம் என்பது இந்த விஷயத்தில் சின்னதல்ல.

மீதிக்கு அம்மாவின் நகை. 6 லட்சம் நகைக் கடன், கையிருப்பு 1 லட்சத்து 10 ஆயிரம். ஜூலை 24 அன்று அப்பா கணக்கில் மொத்தம் 28 லட்சத்து 10 ஆயிரம். தேவைக்கு மேல் இருந்தது 34 ஆயிரம் சொச்சம். இது போதாது என்று அன்றே எனக்குப் பட்டது. விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தைத்தான் எடுப்பார்கள், பவுண்டு இரண்டு ரூபாய் ஏறினாலே தொகை பற்றாது. சொன்னேன். இதற்கு மேல் எங்கே போவது என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

கல்விக் கடன் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். நிலம் தாத்தா பேரிலேயே இருந்தது, பாகபத்திரம் போடவில்லை. அடமானம் வைக்கப் பத்திரம் இல்லை. அடமானம் இல்லாமல் 7.5 லட்சம் வரை கிடைக்கும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அப்பாவுக்குக் கடன் என்ற சொல்லே பிடிக்கவில்லை. நகையை வைப்பது அவருக்குக் கடனாகத் தோன்றவில்லை! ஊரில் பலருக்கும் அப்படித்தான்.

பெயர்

அவள் பிறந்தது பொள்ளாச்சியில், அம்மா வீட்டில் இருந்தபோது. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ஆகவே சான்றிதழ் தமிழ்நாட்டுடையது. அதில் அப்பாவின் பெயர், மருத்துவமனையில் யாரோ கேட்டபோது பாட்டி சொன்ன கூப்பிடு பெயர். பாஸ்போர்ட்டிலும் வங்கிக் கணக்கிலும் முழுப்பெயர். பெற்றோர் கணக்கைக் காட்டுவதென்றால் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நிறுவ வேண்டும்.

கேரள அரசின் இ-சேவை மையமான அட்சயா மையம் வழியாக வில்லேஜ் ஆபீஸில் ஒரே நபர் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் எல்லாம் கொடுத்து, ஜூன் கடைசியில் வந்தது. நடுவில் ஒரு வேடிக்கை. அப்பா ஏஜென்டிடம் போனில் “ஆதாரம் கொண்டு வர்றனுங்க” என்றிருக்கிறார். கோயம்புத்தூர்க்காரரான அவர் ஆதார் கார்டு என்று நினைத்து, அது ஏற்கெனவே இருக்கிறதே என்று சொல்லிவிட்டார். கேரளத்தில் ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். தாத்தா பேரில் இருந்த பத்திர விஷயம் அதனால் ஒரு மாதம் யார் காதிலும் விழவில்லை.

ஜூலையில் இன்னும் இரண்டு நடந்தன. 8ஆம் தேதி கொச்சியில் காசநோய்ப் பரிசோதனை முடிந்தது, சான்று ஆறு மாதம் செல்லும். அதற்கடுத்த வாரம் பல்கலைக்கழகம் சிஏஎஸ் தருவதற்கு முன் நடத்தும் நேர்காணல், வீடியோவில். அதில் ஏஜென்டின் அறிக்கையை மனப்பாடமாக ஒப்பித்தாள். உங்கள் வீட்டுக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கேள்வி வந்ததும் நின்றுவிட்டாள். மறுபடி நேர்காணல் வேண்டும் என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 11

ஜூலை 24 முதல் நாள் என்றால் 28ஆம் நாள் ஆகஸ்ட் 20. 21ஆம் தேதி வங்கி அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். 19ஆம் நாளான ஆகஸ்ட் 11இல் 45,000 ரூபாய் எடுத்திருந்தது. 14ஆம் தேதி திருப்பிக் கட்டியிருந்தது.

அப்பாவுக்கு நல்ல கறவை மாடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு ஆள் பிடித்துக்கொள்வார். பால் பணம் வந்ததும் திருப்பிக் கட்டிவிட்டார். அவர் கணக்கு, அவர் பணம்.

“மூணே நாள்ல திருப்பிக் கட்டிட்டனுங்களேண்ணா, அப்பறம் என்ன?” என்றார்.

அந்த மூன்று நாள் கணக்கில் இருந்தது 27,65,000. தேவை 27,75,708. பத்தாயிரத்துச் சொச்சம் குறைவு. சராசரி பார்க்கும் வழக்கம் இந்த விதியில் இல்லை. குறைந்த நாள் எதுவோ அதுதான் கணக்கு.

இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும். 28 நாள் விதியை நான் அந்தப் பெண்ணிடம் மூன்று தடவை விளக்கியிருக்கிறேன். அவள் எழுதியும் வைத்திருந்தாள். செக் புக்கும் பாஸ்புக்கும் வைத்திருந்தவரிடம் நான் ஒரு தடவைகூட நேரில் சொல்லவில்லை. அப்பா என் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். மகளும் நானும் ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம், அவர் தென்னை விலையைப் பற்றி என் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

கடைசி வாரம்: எடுத்த முடிவு

பல்கலைக்கழகம் ஆகஸ்ட் 29ஐ சிஏஎஸ் கடைசி நாளாக வைத்திருந்தது. பண ஆவணத்தைப் பார்க்காமல் அவர்கள் சிஏஎஸ் தரமாட்டார்கள். 14ஆம் தேதியிலிருந்து புதிதாக எண்ணினால் 28ஆம் நாள் செப்டம்பர் 10. கதவு மூடிய பிறகு.

ஏஜென்ட் ஒரு வழி சொன்னார். ஷோ மணி. யாரோ ஒருவர் பணத்தை உங்கள் கணக்கில் போட்டு வைப்பார், கமிஷன் வாங்கிக்கொள்வார், பழைய தேதியிலேயே ஒரு கடிதமும் வாங்கித் தரலாம் என்றார். நான் வேலை பார்த்த காலத்திலேயே இது தெரியும். தூதரகத்துக்கு வங்கிக் கடிதம் போய், வங்கிக்குத் திரும்பச் சரிபார்க்க வரும்போது மேஜையில் உட்கார்ந்திருந்தவன் நான். பொய் ஆவணம் என்று தெரிந்தால் இந்த விண்ணப்பம் மட்டும் போகாது. பிரிட்டன் பத்து வருடம் வரை நுழையத் தடை போடலாம். 22 வயதுப் பெண்ணுக்கு அது வாழ்க்கையின் பாதி வாசல். நான் அதற்கு உதவமாட்டேன் என்றேன். அப்பா இரண்டு நாள் யோசித்தார். பக்கத்து ஊரில் ஒருவர் அப்படிச் செய்து போய்விட்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது வழி, பல்கலைக்கழகத்திடம் கெஞ்சி இரண்டு வாரம் வாங்குவது. கேட்டுப் பார்த்தோம், முடியாது என்றார்கள். கிடைத்திருந்தாலும் செப்டம்பர் 10க்குப் பிறகு விண்ணப்பித்து, வழக்கமான மூன்று வாரத்தில் முடிவு வந்தால் வகுப்பு தொடங்கிவிட்டிருக்கும்.

மூன்றாவது, ஜனவரி சேர்க்கைக்குத் தள்ளிவைப்பது. அந்தப் படிப்புக்கு ஜனவரிப் பருவமும் இருந்தது, முன்பணமும் அப்படியே செல்லும் என்று எழுத்தில் பதில் வந்தது. அவள்தான் முடிவெடுத்தாள். நான்கு மாதம் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. கோயம்புத்தூர் சிநேகிதிகள் இரண்டு பேர் அந்த மாதமே கிளம்பினார்கள்.

நகைக் கடனை செப்டம்பர் நடுவில் அடைத்து நகையை மீட்டோம். சும்மா கிடந்த பணத்துக்கு மாதம் 4,500 வட்டி கட்டியது மிச்சம்.

இரண்டாம் முறை: மாற்றியவை

முதல் மாற்றம், பணத்தை மகள் பேரிலேயே வைப்பது. மாணவரின் சொந்தக் கணக்கு என்றால் பெற்றோர் உறவுச் சான்றும் வேண்டாம், சம்மதக் கடிதமும் வேண்டாம். நாங்கள் அலைந்து வாங்கிய ஒரே நபர் சான்றிதழ் விசாவுக்குத் தேவையே இல்லாமல் போனது. இந்த யோசனை ஏப்ரலிலேயே எனக்கு வந்திருக்க வேண்டும்.

வீட்டில் இது சுலபமாக நடக்கவில்லை. பையன் இருக்கும்போது 22 லட்சத்தைப் பெண் பேரில் போடுவதா என்று பெரியப்பா வீட்டில் பேச்சு வந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார்: “அவ பேர்லயே போடுங்க. மாடு வாங்கறவங்க கைக்கு எட்டாம இருக்கட்டும்.” அப்பாவும் சிரித்துவிட்டார்.

அவளுக்குப் பள்ளி ஸ்காலர்ஷிப் கணக்கு ஒன்று இருந்தது, இனிஷியலோடு. பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கிறது. அந்தக் கணக்கைத் தொடாமல், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே இருக்கும்படி புதுக் கணக்கு திறந்தோம். அப்பா கணக்கிலிருந்து நேரடிப் பரிமாற்றம், ரொக்கம் இல்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நில விற்பனைப் பத்திரம், சங்கத்து வைப்பு ரசீது, அப்பா கணக்கு அறிக்கை என்று வரிசையாகக் காட்ட முடியும்.

இரண்டாவது, கல்விக் கடன். இந்தத் தடவை அப்பா மறுக்கவில்லை. அடமானம் இல்லாமல் 7.5 லட்சம். கடன் தொகைக்கு 28 நாள் விதி கிடையாது, கடன் கடிதம் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் தேதியிட்டிருந்தால் போதும். ஆனால் முதலில் வந்த கடிதம் உதவாது. அது அப்பாவுக்கு முகவரியிட்டிருந்தது, அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. 15 சதவீத மார்ஜின், அதாவது நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, கட்டிய பிறகே பணம் விடுவிக்கப்படும் என்று நிபந்தனையும் இருந்தது. கடன் மாணவர் பேரில் இருக்க வேண்டும், விசா கிடைப்பதைத் தவிர வேறு நிபந்தனை இருக்கக் கூடாது. கிளை மேலாளரிடம் விதியைக் காட்டினேன். முன்பணமாகக் கட்டிய 4,000 பவுண்டே மார்ஜினைத் தாண்டும் என்பதால், மார்ஜின் செலுத்தப்பட்டது என்று எழுதி, அவள் பேரில் புதுக் கடிதம் தந்தார். தலைமை அலுவலகத்துக்குப் போய் வர 16 நாள்.

மூன்றாவது, பவுண்டை 122 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டேன். முதல் முறை வைத்ததை விட ஐந்து ரூபாய் அதிகம். அப்பாவுக்கு அது வீண் பயமாகத் தெரிந்தது. அக்டோபர் நடுவில், நவம்பர் 11 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு வாழ்க்கைச் செலவு மாதம் 1,171 பவுண்டு என்று பிரிட்டன் உயர்த்தி அறிவித்தது. ஒன்பது மாதத்துக்கு 10,539. 315 பவுண்டு கூடுதல். எங்கள் விண்ணப்பம் எப்படியும் அந்தத் தேதிக்குப் பிறகுதான். புதுக் கணக்கில் தேவை 24,039 பவுண்டு, 122 ரூபாய்க்கு 29,32,758. கையில் கணக்கில் 22 லட்சம், கடன் 7.5 லட்சம், மொத்தம் 29.5 லட்சம். தாங்கியது. முதல் முறை போல் விளிம்பில் நின்றிருந்தால் மறுபடி பணம் தேடி, மறுபடி 28 நாள் எண்ணியிருப்போம்.

அக்டோபர் 13இல் 22 லட்சமும் அவள் கணக்கில் இருந்தது. 28ஆம் நாள் நவம்பர் 9. ஏடிஎம் கார்டை அம்மா அரிசி டப்பாவில் போட்டு வைத்தார். 12ஆம் தேதி அறிக்கை எடுத்தோம். வட்டி வரவு ஒன்றைத் தவிர வேறு எந்த வரியும் அதில் இல்லை.

பாலைப் பற்றிப் பேசியது

நேர்காணலுக்கு நான் கற்றுக்கொடுத்தது எதுவும் இல்லை. ஏஜென்டின் அறிக்கையைக் கிழித்துப் போடச் சொன்னேன். நீ தினமும் என்ன செய்கிறாய் என்று தமிழில் எழுதிக்கொண்டு வா என்றேன்.

நான்கு பக்கம் எழுதி வந்தாள். சொசைட்டியில் பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் வைத்துப் பார்ப்பது, தண்ணீர் கலந்து அதை ஈடுகட்ட வேறு எதையாவது சேர்த்தால் லாக்டோமீட்டர் ஏமாறுவது, மாவு கலந்திருந்தால் அயோடின் விட்டதும் நீலமாவது. மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிறகு இத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொல்வதும், வீட்டில் அதைச் சரியாகக் கடைப்பிடிக்காததும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் வண்டியை மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் நிறுத்திச் சோதிப்பது, ஓணம் சமயத்தில் சோதனை கூடுவது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவள் என்பதால் அதைக் கண்ணால் பார்த்தவள்.

அதை அவளே ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினாள். இலக்கணம் அங்கங்கே தட்டியது, திருத்தவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் நடந்த மறுநேர்காணலில் அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை அவள்தான் அதிகம் பேசினாளாம், கேட்டவர் ஆன்டிபயாடிக் விஷயத்தில் மேலும் இரண்டு கேள்வி கேட்டாராம். அப்பா பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டு, “நம்ம மாட்டப் பத்தி எதுக்கு அங்க சொல்ற?” என்று கோபித்துக்கொண்டார்.

விண்ணப்பமும் முடிவும்

நவம்பர் 21இல் சிஏஎஸ் வந்தது. 24இல் ஆன்லைனில் விண்ணப்பித்தாள். விசாக் கட்டணம் 524 பவுண்டு, மருத்துவக் கூடுதல் கட்டணம் 1,164. ஒரு வருடப் படிப்புக்கு முன்னும் பின்னும் சேர்த்துத் தரும் மாதங்களால் அது ஒன்றரை வருடத்துக்குக் கணக்காகிறது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். இந்தச் செலவை முன்னமே யாரும் சொல்வதில்லை. அம்மாவின் சீட்டுப் பணத்தில் கட்டினோம், 22 லட்சத்தைத் தொடவில்லை. ஜூலையில் எடுத்த காசநோய்ச் சான்று ஜனவரி முதல் வாரம் வரை செல்லும் என்பதால் அதையே வைத்தோம்.

28ஆம் தேதி கொச்சியில் கைரேகை. பாலக்காட்டிலிருந்து விடிகாலை ரயில், மாலை திரும்பிவிட்டார்கள். டிசம்பர் 17இல் விசா கிடைத்தது என்று மின்னஞ்சல்.

அப்பா பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. 2025 ஜூலை 15 முதல் மாணவர்களுக்கு ஸ்டிக்கர் இல்லை, எல்லாம் ஈ-விசா. அவள் போனில் காட்டியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பிறகுதான் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். ஜனவரி 19 வகுப்பு. 15ஆம் தேதி பொங்கல் வைத்துவிட்டு அன்று இரவே கிளம்பினாள்.

இனி மாற்றிச் செய்வது

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுகிறேன். சிஏஎஸ் கடைசி நாளிலிருந்து 28 நாள், அதற்கு முன் பணம் ஒரே இடத்துக்கு வந்து சேர ஆகும் நாள். கூட்டுறவுச் சங்கத்தில் பணம் இருந்தால் அதற்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுக்குகிறேன்.

மகள் அல்லது மகன் பேரிலேயே கணக்கு வைக்க முடியுமா என்பதை முதல் நாளே பேசுகிறேன். குடும்பத்துக்குள் அது ஒரு பேச்சை உண்டாக்கும். அந்தப் பேச்சு மே மாதத்தில் நடப்பது ஆகஸ்டில் நடப்பதைவிட நல்லது.

பவுண்டின் விலையில் குறைந்தது ஐந்து ரூபாய் ஏற்றம் வைத்துக் கணக்கிடுகிறேன். கடன் கடிதம் வந்ததும் அன்றே படிக்கிறேன். முதல் கடிதத்திலேயே எல்லாம் சரியாக இருந்ததை நான் இதுவரை பார்க்கவில்லை.

போன மாதம் எருத்தேம்பதியிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பையன் லேப்டாப்பைத் திறந்து பல்கலைக்கழகப் பட்டியலைக் காட்ட ஆரம்பித்தான். அதை மூடிவைக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கேட்டேன், வீட்டில் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் யார் கையில் இருக்கிறது என்று. அவன் மாமா கையில் என்றார். சரி, நாளைக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.